விண்வெளி வீரர்களின் கையெழுத்து விற்கும் டர்பன் நகரக் கடை: போகலாமா, வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம். வாங்குவது உங்கள் பையின் கனத்தைப் பொறுத்தது. ஆனால் விண்வெளி வீரர் கையெழுத்து ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள், இணையத்தில் கார்டு நம்பரைத் தட்டுவதற்கு முன்னால் இந்தக் கடைக்காரர் எதிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது.

கடை என்கிறேனே தவிர பெயர்ப்பலகை கிடையாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஓவர்போர்ட் பக்கம் ஒரு வீட்டின் முன்னறை. இரும்புக் கேட், பெல், உள்ளே இன்னொரு கம்பிக் கதவு. இந்த ஊரில் அது சகஜம். கடைக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. சாட்ஸ்வொர்த்தில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்து வேலைக்கு மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கிளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பேச்சு பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் ஓடும், ஆனால் என்னைக் கூப்பிடுவது 'தம்பி' என்றுதான். பெயரும் முகவரியும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், திருட்டு பயம். டர்பனில் தபால்தலை சேர்ப்பவர்கள் யாரைக் கேட்டாலும் போன் நம்பர் தருவார்கள்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையை அவரே சொல்வார், நீங்கள் கேட்காவிட்டாலும். 1969-இல் உலகமே நிலவில் இறங்குவதை டிவியில் பார்த்தபோது தென்னாப்பிரிக்காவில் டிவியே கிடையாது. 1976-இல்தான் வந்தது. அங்கிள் ரேடியோவில் கேட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஹார்ட்டிபீஸ்ட்ஹூக்கில் 1961-இலிருந்து 1974 வரை நாசாவின் பெரிய ஆன்டெனா நிலையம் இயங்கியது. விண்கலங்கள் அனுப்பும் சிக்னலை இந்த மண்ணில் வாங்கினார்கள், ஜனங்களுக்குத்தான் பார்க்க ஒரு பெட்டி இல்லை. படம் பார்க்காத குறையைப் படம் சேர்த்துத் தீர்த்துக்கொள்கிறார் போல.

சரி, சரக்குக்கு வருவோம். மெர்குரி, ஜெமினி என்ற ஆரம்பகால அமெரிக்க விண்வெளித் திட்டங்களின் சரக்கு கொஞ்சம்தான். நிலவுக்குப் போன அப்போலோ ஒரு அலமாரி. அதற்குப் பின் வந்த ஸ்பேஸ் ஷட்டில் காலத்துக் குழுப் படங்கள் ஏராளம், அவற்றில் பல நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய விலை. சோவியத் தபால் உறைகள் தனியாக ஒரு ஆல்பம். ஒவ்வொன்றும் பாலியஸ்டர் உறைக்குள் இருக்கிறது, பின்னால் பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு. யார் யார் கையெழுத்து, எந்தப் பேனா, யாரிடமிருந்து வந்தது, எதில் சந்தேகம் என்று நாலு வரி. கடையின் சிறப்பே இந்தச் சீட்டுதான். விற்பவரே 'இந்த மூன்றாவது கையெழுத்து பின்னாளில் போட்டது' என்று எழுதி வைத்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விலை எப்படி வருகிறது என்று அவர் எனக்குப் புரியவைத்தது அப்போலோ 13 படங்கள் இரண்டை மேசையில் போட்டு. முதல் படம் நாசா முன்கூட்டியே எடுத்து வைத்த அதிகாரப்பூர்வக் குழுப் படம்: ஜிம் லவல், கென் மேட்டிங்லி, ஃபிரெட் ஹெய்ஸ். அதில் லவலும் ஹெய்ஸும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இரண்டாவது, மாற்றிய குழு: லவல், ஜாக் ஸ்வைகர்ட், ஹெய்ஸ், மூன்று பேர் கையெழுத்தும். மாற்றுக் குழுவில் இருந்த சார்லி டியூக் மூலம் ஜெர்மன் அம்மை ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில், 1970 ஏப்ரல் 11-இல் கிளம்ப வேண்டிய கலத்திலிருந்து மூன்று நாளைக்கு முன்னால் மேட்டிங்லியை இறக்கிவிட்டு ஸ்வைகர்ட்டை ஏற்றினார்கள். மேட்டிங்லிக்கு அம்மை வரவே இல்லை. நிலவுக்குப் போகும் வழியில் கலம் பழுதானாலும் ஸ்வைகர்ட் உயிரோடு திரும்பி வந்து, 1982 நவம்பரில் கொலராடோவிலிருந்து அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவி ஏற்பதற்கு முன்னாலேயே அந்த டிசம்பரில் புற்றுநோயில் இறந்துபோனார். வயது 51.

லவலும் ஹெய்ஸும் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஸ்வைகர்ட்டுக்கு அந்த வருடங்கள் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டாவது படத்தின் விலை முதல் படத்தைப்போலப் பல மடங்கு. 'லவல்தான் கமாண்டர், சினிமாவிலும் அவர்தான் ஹீரோ, ஆனா விலை வைக்கிறது ஸ்வைகர்ட் தம்பி,' என்றார் அங்கிள். குழுக் கையெழுத்தில் விலையை நிர்ணயிப்பது அந்தக் கூட்டத்தில் கிடைக்காத ஆள்தான். கூட்டத்தில் பெரிய ஆள் அல்ல.

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் மற்ற விலைகளும் புரிய ஆரம்பிக்கின்றன. அப்போலோ 17 என்றால் எல்லோரும் கமாண்டர் செர்னனைச் சொல்வார்கள். அதே குழுவின் ரான் எவன்ஸ் 1990-லேயே போய்விட்டார். அப்போலோ 14-இல் ஸ்டூவர்ட் ரூசா 1994-இல். அப்போலோ 15-இல் ஜிம் இர்வின் 1991-இல். ஒரு குழுவின் மூவர் கையெழுத்தும் இருக்கும் தாள் என்றால் முதலில் கண் போக வேண்டியது இவர்களிடம். அப்போலோ 1 இன்னும் கொடுமை. கிரிஸம், எட் வொயிட், ரோஜர் சாஃபி என்று குழுவை அறிவித்தது 1966 மார்ச். 1967 ஜனவரி 27-ஆம் தேதி ஏவுதளத்தில் சோதனையின்போது தீப்பிடித்து மூவரும் இறந்தார்கள். ஒரே குழுவாக அவர்கள் கையெழுத்துப் போட்டதே பத்து மாதம்தான். சாஃபி விண்வெளிக்குப் போகவே இல்லை என்பதால், அதற்கு முன்னால் அவரிடம் கையெழுத்துக் கேட்டவர்களும் குறைவு. அங்கிளிடம் அப்போலோ 1 இல்லை. 'இருந்தா இந்த வீட்டுலயா இருப்பேன்?' என்கிறார்.

அரிதாக இருந்தால் மட்டும் விலை வந்துவிடாது என்பதற்கும் அவரிடம் உதாரணம் தயார். சோவியத் விண்கலம் சோயுஸ் 11-இன் மூன்று பேர், டோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ், 1971 ஜூன் 30-இல் பூமிக்குத் திரும்பும்போது கலத்தில் காற்று வெளியேறி இறந்தவர்கள். அவர்களும் முதலில் போக வேண்டியவர்கள் அல்ல. முதல் குழுவில் இருந்த குபாசோவுக்குக் காசநோய் என்று சந்தேகப்பட்டு, அந்தக் குழுவையே மாற்றிவிட்டு இவர்களை அனுப்பினார்கள். மூவரும் சேர்ந்து கையெழுத்திட்ட தாள் எத்தனை இருந்துவிட முடியும்? அப்போலோ 11 தாள்கள் அதைவிட எவ்வளவோ அதிகம். ஆனாலும் ஆர்ம்ஸ்ட்ராங் பெயரைக் கேட்டால் கை நீட்டுகிறவர்கள் கோடி, பத்சாயெவ் என்றால் யார் என்று கேட்பவர்கள்தான் அதிகம். கேட்க ஆள் இருக்க வேண்டும், கிடைக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் விலை ஏறும்.

ஆர்ம்ஸ்ட்ராங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடைக்கு நான் போனதே என் நண்பன் ஒருவனுடைய ஆர்ம்ஸ்ட்ராங்கால். டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறான். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றிலிருந்து அப்போலோ 11 லித்தோ (அச்சடித்த குழுப் படம்) வாங்கியிருந்தான், மூன்று கையெழுத்தோடு, தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழோடு. இறக்குமதிக்கு 15 சதவீத வாட் வேறு கட்டியிருந்தான். அங்கிள் அதைக் கையில் வாங்கியதும் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு கட்டு பிளாஸ்டிக் தாள் எடுத்தார், உள்ளே இருப்பது தெரியும் மெல்லிய தாள். ஒவ்வொன்றிலும் ஒரு 'நீல் ஆர்ம்ஸ்ட்ராங்', எல்லாம் ஆட்டோபென் அச்சு.

ஆட்டோபென் என்பது கையெழுத்துப் போடும் இயந்திரம். ஒரு அச்சை வைத்தால், இயந்திரக் கை பேனாவைப் பிடித்து அதே கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கும். கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்ததால் அப்போலோ காலத்தில் நாசா அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது. எந்த வீரருக்கு என்னென்ன அச்சு என்று சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்துத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அங்கிள் ஒவ்வொரு தாளாக நண்பனின் படத்தின்மேல் வைத்து நகர்த்தினார். ஒரு தாள் வந்தபோது கை நின்றது. 'ஏ'யின் கொம்பு, 'ஜி'யின் வால், பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தது. மனிதக் கை ஒரே கையெழுத்தை இரண்டு தடவை அச்சு மாறாமல் போடாது.

அதோடு விடவில்லை. அன்றைக்கு லோட் ஷெட்டிங், கரண்ட் இல்லை. டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்துப் பிடித்து லென்ஸைக் கொடுத்தார். கோடு ஆரம்பிக்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குண்டூசித் தலை மாதிரி ஒரு மைப் புள்ளி. பேனா விழுந்த இடம், எழுந்த இடம். நடுவில் அழுத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நேராக இழுக்க வேண்டிய இடத்தில் மெல்லிய நடுக்கம். பக்கத்திலேயே ஷட்டில் வீரர் ஒருவரின் அசல் கையெழுத்தை வைத்துக் காட்டினார். அதில் கோடு மெலிந்து, தடித்து, கடைசியில் காற்றில் கரைகிற மாதிரிப் போகிறது. இந்த ஒரு டெமோவுக்காகவே கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

ஆர்ம்ஸ்ட்ராங் கையெழுத்தின் விலை ஏன் இப்படி ஏறியது என்றால், 1994 வாக்கில் அவர் நிறுத்திவிட்டார். வாங்கிப் போனவர்கள் விற்றுக் காசாக்குவது தெரிந்ததும் இனிமேல் யாருக்கும் கிடையாது என்றார். 2005-இல் அவருடைய முடிதிருத்துபவர் வெட்டிய முடியை ஒரு சேகரிப்பாளருக்கு 3,000 டாலருக்கு விற்று, ஆர்ம்ஸ்ட்ராங் வழக்குப் போடுவேன் என்று மிரட்டும் அளவுக்குப் போனது. கையெழுத்தை நிறுத்தினால் முடிக்கு வருகிறார்கள். 2012-இல் அவர் காலமானார். அவரோடு நிலவில் இறங்கிய ஆல்ட்ரின் கட்டணம் வாங்கிக்கொண்டு நிகழ்ச்சிகளில் பல வருடம் கையெழுத்திட்டார், ஆகவே அவருடையது கிடைக்கும். இப்போது சந்தையில் இருக்கும் அப்போலோ 11 தாள்களில் சிலவற்றில் ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு காலத்திலும் மற்றவர்கள் வேறொரு காலத்திலும் போட்டிருப்பார்கள். ஒரே பேனா, ஒரே உட்காரலில் மூவரும் போட்டது என்றால் விலை வேறு. அங்கிள் சீட்டில் இதைக் குறிப்பார்: 'மூன்று பேனா', 'ஒரே நீலப் பேனா'.

பெயர் எழுதிய கையெழுத்து பற்றி எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம். 'இன்னாருக்கு அன்புடன்' என்று யாரோ ஒருவரின் பெயர் இருந்தால் விலை குறையும், வெறும் கையெழுத்துக்குத்தான் மவுசு. அவர் வியாபாரி, அதனால் வெறும் கையெழுத்தைப் பரிந்துரைக்கிறார். என் கட்சி வேறு. விற்கப் போவதில்லை என்றால் பெயர் எழுதியதையே வாங்குங்கள். விலை குறைவு, அதோடு யாரோ ஒரு டோரத்திக்கு முழு வரி எழுதியிருந்தால் அதை இயந்திரம் போட்டிருக்கும் வாய்ப்பும் குறைவு. எழுத எழுதக் கை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். டோரத்தி யாராக இருந்தால் நமக்கென்ன?

உறைகள் பிரிவு எனக்குப் பிடித்தது. அப்போலோ 11-இலிருந்து 16 வரை, கிளம்புவதற்கு முன்னால் வீரர்கள் தபால் உறைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் ஏவிய நாள், நிலவில் இறங்கிய நாள் என்று முக்கியமான தேதிகளில் முத்திரை குத்திக் குடும்பத்திடம் சேர்த்தார்கள். திரும்பி வராவிட்டால் மனைவி மக்கள் விற்றுப் பிழைக்கட்டும் என்று. இன்ஷூரன்ஸ் கவர் என்பது இவைதான். அங்கிளிடம் ஒன்றுகூட இல்லை, படம்தான் காட்டினார். அப்போலோ 15 விவகாரம் இன்னொரு மாதிரி: ஸ்காட், வோர்டன், இர்வின் மூவரும் நாசாவுக்குத் தெரியாமல் ஏறத்தாழ 400 உறைகளை நிலவுக்கே எடுத்துப் போய், அதில் 100-ஐ மேற்கு ஜெர்மனித் தபால்தலை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, ஆளுக்கு 7,000 டாலர் என்று பேசி, விஷயம் வெளியே வந்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கண்டிப்பும் வாங்கினார்கள். பறிமுதல் செய்த மீதி உறைகளை, வோர்டன் வழக்குப் போட்ட பிறகு 1983-இல் அரசாங்கமே திருப்பிக் கொடுத்தது. அவமானமாகப் பேசப்பட்ட உறைக்கு அந்த அவமானமே இன்று விலை கூட்டுகிறது. சேகரிப்பாளர்களுக்குக் கதை வேண்டும்.

நான் வாங்கியது இதையெல்லாம் விட எளிமையானது: சோயுஸ் டிஎம்-34 குழுப் படம். 2002 ஏப்ரல் 25-இல் பைக்கனூரிலிருந்து கிளம்பிய கலம். யூரி கிட்ஜென்கோ, இத்தாலிக்காரர் ரொபெர்த்தோ வித்தோரி, நம்ம ஊர் மார்க் ஷட்டில்வொர்த். வெல்கமில் பிறந்தவர், ஏறத்தாழ 2 கோடி டாலர் கொடுத்துப் போன முதல் தென்னாப்பிரிக்கர். மூவரும் ஒரே கறுப்பு மார்க்கரில் போட்டிருக்கிறார்கள், மூன்றும் உடையின் வெளிறிய பகுதியில் விழுந்திருப்பதால் பளிச்சென்று தெரிகிறது. இருட்டான பின்னணியில் விழுந்த கையெழுத்து கண்ணுக்குத் தெரியாது, விலையும் போகாது. கிட்ஜென்கோ சர்வதேச விண்வெளி நிலையத்தில் முதன்முதலில் குடியேறிய மூவரில் ஒருவர் என்பதை அங்கிள் சொல்லித்தான் அறிந்தேன். 3,500 ராண்டு சொன்னார், 3,000-க்கு முடித்தேன். ராகேஷ் சர்மா, மாலிஷெவ், ஸ்ட்ரெக்கலோவ் மூவரும் போட்ட 1984 சோயுஸ் டி-11 உறை ஒன்றும் இருக்கிறது. கூட இருந்த ரஷ்யர்கள் இருவரும் இப்போது இல்லாததால் அதன் விலை என் எல்லைக்கு வெளியே. கல்பனா சாவ்லாவின் கொலம்பியா குழு, ஏழு பேரும் போட்டது, கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார்.

இனி குறைகள். விலை டாலரில் யோசித்து ராண்டில் சொல்கிறார். 'அடுத்த வாரம் வரேன் அங்கிள்' என்று நீங்கள் போனால் அடுத்த வார ராண்டுக்கு ஏற்ப விலை மாறியிருக்கும். பில் தருவார், சான்றிதழ் தரமாட்டார். அவருடைய சீட்டுக்கு டர்பனில் மதிப்பு உண்டு, நாளைக்கு அமெரிக்க ஏலத்தில் விற்கப் போனால் யாரும் மதிக்க மாட்டார்கள். தனியாக அங்கே அனுப்பிச் சரிபார்க்க வேண்டும், அந்தச் செலவு உங்களுடையது. முதலீடாக நினைத்து வாங்குபவர்களுக்கு இது பெரிய ஓட்டை.

இன்னொரு குறை எனக்கு எரிச்சலே தந்தது. கையெழுத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதர், சுவரில் மாட்டியிருக்கும் ஷட்டில் படங்களில் மதிய வெயில் நேராக விழவிடுகிறார். மார்க்கர் மை வெயிலுக்குத் தாங்காது. ஒன்றில் கறுப்பு மை வெளுத்துப் பழுப்பாகிவிட்டது, அதை 'குறைந்த விலை' என்று விற்கிறார். ஃபிரேம் போட்டுத் தருவதும் அப்படியே, படம் கண்ணாடியைத் தொடுகிற மாதிரி. டர்பன் ஈரத்துக்குப் பளபளப்புப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது கையெழுத்தும் சேர்ந்து வந்துவிடும். ஃபிரேமை வேறு இடத்தில் போடுங்கள், நடுவில் அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெட்டிக்குள் வைப்பவர்கள் ராமபாணப் பூச்சியை மறக்க வேண்டாம். பசை தடவிய பழைய உறை என்றால் அதற்கு விருந்து.

'இதை எங்க மாமா பம்பாயில் நேரில் வாங்கினார்' என்று குடும்பச் சரக்கு வைத்திருப்பவர்களும் எடுத்துப் போகலாம். அப்போலோ 11 குழு 1969 அக்டோபரில் உலகச் சுற்றுப்பயணத்தில் பம்பாய்க்கு வந்தது உண்மை, ஆகவே கதையில் வாய்ப்பு இருக்கிறது. மாமா எழுதிய கடிதமோ அன்றைய போட்டோவோ கூட இருந்தால் எந்தச் சான்றிதழையும் விட அங்கிள் அதைத்தான் நம்புவார். வாங்கவும் செய்வார், ஆனால் பேரம் கடுமையாக இருக்கும்.

போன் செய்துவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கோவிலுக்குப் போய்விடுவார். கார்டு மெஷின் இல்லை, ஈஎஃப்டி (வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புவது) அல்லது ரொக்கம். பார்க்கிங் தெருவில்தான். பென்சில் சீட்டு படத்தோடு சேர்ந்து வருகிறதா என்று கிளம்புவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள், சில நேரம் அதை அவரே மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்.